கரையில் அழும் பெண், எண் இரண்டு

பிலோமி அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு பெயர். அதைச் சொல்ல வக்கில்லாமல் மூன்று நாள் திருடனைப் போல ஒளிந்து திரிந்தேன். திருடனைப் போல என்ன, திருடன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ராயபுரத்தில் எங்கள் சந்தில் கீழ் வீட்டில் அக்காவும் அவள் மகள் சாராவும், மாடி வீட்டில் நான். இறால் உரித்த கையைக்கூடக் கழுவாமல் படியேறி வந்து வாசலில் நின்றாள் அக்கா. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஃப்ரெடி, சாரா ஒரு கேம் ஆடிகினு கீதே, அதுல கடலோரமா குந்திகினு ஒரு பொம்பள அயுவுது. அது யாருடா?"

"அது கேம் பொம்ம கா," என்றேன்.

"பொம்ம கெடக்குது. கொரலு யாருது? நீதான அந்தக் கேமுக்கு சத்தம் சேக்குற?"

"யாரோ நடிக்கிற பொண்ணு கா. ஆபீஸ்ல கூட்டியாந்தாங்க."

"போடா! நடிப்பாம் நடிப்பு. அதுக்குப் புருசன் பூட்டான்டா. எனக்குத் தெரியாதா? இன்னும் மண்ணுகூடப் போட்டிருக்க மாட்டாங்க, அந்த நேரத்து அயுக அது. கேட்டதும் எனக்குக் கை காலெல்லாம் ஒதறிப்போச்சு."

அக்கா புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"புதன்கெயம உங்க மாமாவுக்கு மூணாம் வருசப் பூச. அதோட அந்தப் பொண்ணு பேரையும் சேத்துப் படிக்கச் சொல்லலாம்னு கீறேன். யாரு பெத்த புள்ளையோ, பாவம். பேரு இன்னா, சொல்லு."

எங்கள் கோயிலில் அது வழக்கம். யாருக்காக வேண்டுகிறோம் என்று பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், பூசையில் ஃபாதர் அந்தப் பெயரை எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பார். பெயர் சொல்லாமல் வேண்டினால் மாதாவுக்கு விலாசம் தெரியாது என்பது அக்காவின் கட்சி.

"மங்கை," என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"கிறிஸ்டியன் இல்லியா? பரவால்ல. மாதாவுக்கு இன்னா, எல்லாரும் புள்ளைங்கதான்." அந்தப் பெயரை மறந்துவிடாமல் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

அந்தக் குரல் பிலோமி அக்காவுடையது.

அவளுக்கே எப்படித் தெரியாமல் போனது என்று கேட்காதீர்கள். பதினோரு வருடமாகச் சத்தத்தோடு மாரடிக்கிறேன், எனக்குத் தெரியும். தன் குரலைப் பதிவில் கேட்டு, இது நானா என்று முகம் சுளிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. போதாததற்கு நான் வேறு அதன் சுருதியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தேன். யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் இறக்கினேன். செய்வது அயோக்கியத்தனம் என்று அப்போதே தெரிந்திருக்கிறது பாருங்கள் எனக்கு.

அக்காவின் புருஷன் லூயிஸ் மாமா காசிமேட்டில் மீன்பிடி லாஞ்ச் டிரைவர். ஆந்திரா பக்கம் போன இடத்தில், விடியற்காலையில் தளத்திலிருந்து தவறிக் கடலில் விழுந்துவிட்டார். நாலாம் நாள்தான் உடம்பு கிடைத்தது. அவர் தம்பி ஜெஸ்வின் தோஹாவில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. எனக்கு போன் போட்டு, "மாமு, ஃபோன்ல புடிச்சா ஒண்ணும் கேக்காது. உன் நல்ல மைக்க வச்சி எல்லாத்தையும் புடிச்சி அனுப்பு. நான் அங்க கீற மாதிரி இருக்கணும்," என்று அழுதான். சரியென்று என் ரெக்கார்டரைச் சவப்பெட்டியின் தலைமாட்டில் வைத்தேன். அதுவரை அக்கா கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பெட்டியை மூட மூடியைத் தூக்கியதும் ஒரு சத்தம் போட்டாள். நாற்பத்தோரு நொடி. நடுவில் ஒரு இடத்தில் "லூயிசு" என்று கூப்பிட்டாள், எழுந்து வா என்பது போல. பக்கத்தில் சாராவும் அழுதுகொண்டிருந்ததால் அம்மாவின் சத்தம் அவள் காதில் தனியாக விழுந்திருக்காது. எல்லாவற்றையும் ஜெஸ்வினுக்கு அனுப்பினேன். ஒரு நகலை என்னிடம் வைத்துக்கொண்டேன். எதையும் அழிக்காத தொழில் புத்தி.

ஒன்றரை வருடம் கழித்து, பெருங்குடியில் இருக்கும் எங்கள் ஆபீசுக்கு 'சாம்பல் கிரீடம்' வந்தது. வெளிநாட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டர் கேம், சத்தம் மட்டும் எங்கள் பொறுப்பு. மந்திரம், சாபம், பிசாசு, பேசும் ஓநாய் எல்லாம் உண்டு. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கானது இல்லை. வெட்டுக்குத்து, துரோகம், படுக்கையறை என்று அட்டையிலேயே பதினெட்டு வயது முத்திரை குத்தியிருக்கும். ஆடுகிறவர் ஒரு கூலிப்படை வீரன். அரசன் அவனை ஒரு மீனவக் குப்பத்துக்கு அனுப்புகிறான், வரி கட்டாதவர்களின் படகுகளை ஆட்களோடு கொளுத்திவிட்டு வரச்சொல்லி. கொளுத்தலாம், மாட்டேன் என்றும் சொல்லலாம். அது ஆடுகிறவர் இஷ்டம். கொளுத்தினால் கரையில் ஒருத்தி அழுவாள். அவளுக்குக் கதையில் பெயர் கிடையாது. 'கரையில் அழும் பெண், எண் இரண்டு' என்றுதான் தாளில் எழுதியிருந்தது.

மூன்று நடிகைகளை வைத்துப் பன்னிரண்டு தடவை பதிவு செய்தோம். ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பெனியின் டைரக்டர் அங்கிருந்து, நன்றாக இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை என்று எழுதி அனுப்பினார். வெள்ளிக்கிழமை கெடு. வியாழக்கிழமை மத்தியானம் அக்காவின் நாற்பத்தோரு நொடியைத் திறந்தேன். பின்னால் கேட்ட கோயில் மணியையும் சாராவின் அழுகையையும் துடைத்தேன். சுருதியை இறக்கினேன். "லூயிசு" என்று வரும் ஒன்றரை நொடியை வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் ஒட்டு தெரியாமல் சேர்த்தேன். கை நடுங்கியது என்று சொல்லத்தான் ஆசை. நடுங்கவில்லை. வேலை சுத்தமாக வந்ததில் சந்தோஷமாகக்கூட இருந்தது, கேடுகெட்டவனுக்கு.

டைரக்டர் அன்றே போன் செய்தார். யார் இந்த நடிகை என்று கேட்டார். எங்கள் ஊர்க்காரப் பெண், பெயர் போட வேண்டாம் என்கிறாள் என்றேன். ஆறு மாதத்தில் என்னை டீமுக்குத் தலைவனாக்கினார்கள்.

கேம் வெளியானதும் வேறொரு கூத்து ஆரம்பித்தது. யார் யார் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எங்களுக்குக் கணக்கு வரும். முதல் வாரத்தில் பாதிப் பேர் குப்பத்தைக் காப்பாற்றியிருந்தார்கள். அப்புறம் ஆடிக்காட்டி வீடியோ போடுகிறவர்கள், படகைக் கொளுத்துங்கள், அந்த அழுகையைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள், மயிர்க்கூச்செறியும் என்று சொல்லத் தொடங்கினார்கள். மூன்று மாதத்தில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் கொளுத்தினார்கள். முதல் முறை காப்பாற்றியவர்கள்கூடத் திரும்ப வந்து கொளுத்தினார்கள். அதற்கப்புறம் அந்தக் கணக்கை நான் திறப்பதே இல்லை.

சாராவிடம் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பயந்துகொண்டே இருந்தேன். காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள், கேம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அவளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய பாகங்களை வாங்கி கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்ததே நான்தான். "மாமா, சாம்பல் கிரீடம் வாங்கிட்டேன், கடைசில உங்க பேரு வருதாமே!" என்று ஒரு நாள் குதித்துக்கொண்டு வந்தாள். குப்பத்துக்கு வந்ததும் படகைக் கொளுத்தாதே, அரசன் பேச்சைக் கேட்காதே, அதுதான் நல்ல வழி என்று பாடம் எடுத்தேன். அவளும் காப்பாற்றினாள். படகுகள் கரை திரும்பின. அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தோழி ஒருத்தி, அந்த அழுகையைக் கேட்கவில்லையா நீ என்று கேட்டாளாம். உடனே திரும்பப் போய்க் கொளுத்தியிருக்கிறாள். ஸ்பீக்கரில். அடுத்த அறையில் அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை, அந்தச் சத்தத்தை மாற்றிவிடலாம் என்று டைரக்டருக்கு மெயில் எழுதினேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அழித்தேன். செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை கீழ் வீட்டு வாசல் வரை போனேன். இரண்டாம் தடவை அக்கா பார்த்துவிட்டாள். "இன்னாடா திருதிருன்னு முயிக்கிற? உள்ள வா. மங்கை பேர எயுதிக் குடுத்துட்டேன்டா. பங்கு ஆபீஸ்ல உபதேசியாரு யாருன்னு கேட்டாரு, எனக்கு வேண்டிய பொண்ணுன்னு சொல்ட்டேன்," என்று சுடச்சுட மீன் குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்தேன். தின்றேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிப் பூசை. இரண்டாம் வரிசையில் அக்கா, சாரா. அவர்களுக்குப் பின்னால் நான். ஃபாதர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

"மூன்றாம் ஆண்டு நினைவுநாளில் லூயிஸ் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், கணவரை இழந்து வருந்தும் சகோதரி மங்கையின் ஆறுதலுக்காகவும் இத்திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

அக்கா நெற்றியை முன் பெஞ்சில் வைத்துக் குனிந்தாள். தோள் குலுங்கியது. இல்லாத ஒருத்திக்காக அழுகிறாள், தன்னுடைய அழுகைக்காகவே அழுகிறாள், பொய்ப் பெயரைப் பீடத்தில் ஏற்றி வைத்த நான் பின்னால் முழங்காலில் நிற்கிறேன். பாவத்தை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக் கூடாது, நான் எழுந்து போகவில்லை.

பூசை முடிந்து வெளியே குகை போலக் கட்டிய மாதா கெபியின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள் அக்கா. சாரா கொஞ்சம் தள்ளி வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மங்கைனு யாருமில்ல," என்றேன்.

"இன்னாடா ஒளர்ற?"

"அந்தக் கொரலு உன்னுது கா. மாமா பொட்டிய மூடுறப்ப நீ அயுதது. ஜெஸ்வினுக்காக ரெக்கார்டர்ல புடிச்சேன். அத்தத்தான் எடுத்து கேம்ல குப்பத்தக் கொளுத்துற எடத்துல வச்சிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. நான் போனில் பழைய பதிவைத் தேடி எடுத்து இயர்போனை அவள் காதில் வைத்தேன். நாற்பத்தோரு நொடியும் அசையாமல் கேட்டாள். மெழுகுவத்தி சாய்ந்து விரலில் சொட்டியது, உதறவில்லை. என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை.

"அந்தக் குப்பத்தக் கொளுத்துனாதான் நான் அயுவனா?" என்று கேட்டாள்.

"ஆமா கா."

"கொளுத்தலன்னா?"

"படகெல்லாம் திரும்பி வந்துரும். நீ அயமாட்ட."

"எத்தினி பேரு கொளுத்துனாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "நூத்துக்கு எம்பத்திரெண்டு பேரு," என்றேன். "அந்த அயுகையக் கேக்கணும்னே கொளுத்துறாங்க கா."

அக்கா மெழுகுவத்தியை மாதாவின் காலடியில் நட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கேம்ல வர்றதப் போடு," என்றாள். அதையும் போட்டேன். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பாதியில் கண்ணைத் திறந்தாள். முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னாள். பிறகு இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"இதுல அவரு பேரு இல்லியே."

"வெட்டிட்டேன் கா. பேரு இருந்தா யாருன்னு தெரிஞ்சிடும்னு..."

"அயுகைய எடுத்துகின, சரி. ஊரு ஒலகமெல்லாம் கேக்க வச்ச, அதுவும் சரி. அவரு பேர எதுக்குடா வெட்டுன? நான் அயுததே அந்தப் பேருக்குத்தான்டா, பாவி."

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. சாராவைக் கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சந்துப் பக்கம் நடந்துபோனாள். என்ன ஆச்சு ஃப்ரெடி மாமாவுக்கு என்று சாரா கேட்பது காதில் விழுந்தது. அக்கா என்ன சொன்னாள் என்பது விழவில்லை.

மறுநாள் டைரக்டருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். வேலை போகலாம், போகட்டும். சத்தத்தை எடுத்துவிடுவார்கள், வேறு யாராவது அழுவார்கள். அதனாலெல்லாம் கீழ் வீட்டுக் கதவு எனக்குத் திறக்கப்போவதில்லை.

வெட்டிய அந்த ஒன்றரை நொடி என் கம்ப்யூட்டரில் தனியாகக் கிடக்கிறது. சாஃப்ட்வேர் எதையும் தூக்கிப் போடாது, தானே பெயர் வைத்துப் பத்திரப்படுத்திவிடும். 'தேவையற்ற துண்டு, ஒன்று' என்று போட்டிருக்கிறது. உள்ளே அக்கா லூயிஸ் மாமாவை ஒரே ஒரு தடவை கூப்பிடுகிறாள். அதை அழிக்கவும் எனக்குக் கை வரவில்லை, கேட்கவும் தைரியம் வரவில்லை.