வாள்களுக்கு ஒரு கட்டளை

சார்ஜன்ட் மேஜர் வாயைத் திறந்தால் மைதானத்தின் மறுகோடியில் நிற்பவனுக்கும் முதுகு நிமிரும். அவருடைய மகளுக்குக் கல்யாணம் என்றதும் சக சார்ஜன்ட்கள் எட்டுப் பேர் அணிவகுப்பு வாள்களைப் பளபளவென்று துடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மண்டப வாசலில் இரண்டு வரிசையாக நின்று வாள்களை உயர்த்துவார்கள். அந்த வளைவுக்குள் மணமக்கள் நடந்து வருவார்கள். படையில் அது வழக்கம். கட்டளை கொடுக்க வேண்டியவர் பெண்ணைப் பெற்றவர்தான்.

காலையிலேயே அவர், அணிவகுப்பில் தப்படி அளக்கும், கவராயம் போல விரியும் தன் நடைக்கோலால் வரிசைகளுக்கு இடையே எத்தனை தப்படி என்று அளந்து வைத்துவிட்டார்.

கதவு திறந்தது. மகள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மூச்சை இழுத்தார், சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார்; வெறும் காற்றுதான் வந்தது. எட்டுப் பேரும் நேரே பார்த்தபடி காத்திருந்தார்கள்.

"நான் சொல்லட்டுமாப்பா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

அவர் சரியென்று தலையசைத்தார்.

"வாள்... உயர்த்து" என்றாள் அவள். அப்பாவின் அதே இழுப்பு, அதே வெட்டு. எட்டு வாள்களும் ஒன்றாக மேலே போயின.

"எங்கேம்மா கத்துக்கிட்டே?" என்றார், ஒருவழியாகக் குரல் திரும்பி.

"தினமும் காலைல என்னை இப்படித்தானேப்பா எழுப்புவீங்க."

வரிசையில் கடைசியாக நின்றவர் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார். அவர் வாள் லேசாக ஆடியது. வேறு நாளாக இருந்தால் சார்ஜன்ட் மேஜர் அவரை மைதானத்தை மூன்று சுற்று ஓடவிட்டிருப்பார். இன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளுக்குப் பின்னால் நிம்மதியாக நடந்தார்.