பூவாளி மழை

எங்கள் ஊரை நான் காகிதக்கூழில் செய்தேன். பெரியம்மா கேட்டதால். ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள். வாசிப்பு அறையின் நடுவில் ஒரு பெரிய மேசை சும்மா கிடக்கிறதே என்று அவளுக்கு ரொம்ப நாளாக உறுத்தல்.

"படிச்சது நிலவியல். ஒரு மலையும் ஒரு ஆறும் செய்யத் தெரியாதா உனக்கு?"

தெரியும் என்றேன். யாரோடும் பேசாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் உடனே ஒத்துக்கொண்டேன்.

ஊர் சின்னது. வடக்கே மலை, தெற்கே ஆறு, நடுவில் சரிவு. சரிவின் மேல்பாதி மேட்டுத் தெரு. கடைகள், பள்ளிக்கூடம், நூலகம் எல்லாம் அங்கேதான். கீழ்பாதி எங்கள் கரையடித் தெரு. அதற்கும் ஆற்றுக்கும் நடுவே குறுக்காக ஒரு மண்கரை. ஒரு காலத்தில் மலையில் கல் வெட்டினார்கள். கல்லை ஏற்றிப்போக ரயில் வந்தது. ரயிலுக்காகக் கரை வந்தது. கல் தீர்ந்ததும் ரயில் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்த்தவர்கள் விட்டுப்போன துண்டுதான் இன்று பள்ளிக்கூட மணி. அதன் அடியில் கிடந்த கட்டைகள் பாதி ஊருக்கு வாசற்படி. கரையைத்தான் யாராலும் வீட்டுக்குத் தூக்கிப்போக முடியவில்லை. இப்போது அதன் மேல் நெடுஞ்சாலை போகிறது.

அப்பா தையற்காரர். முன்னறையில் கடை, பின்னறையில் நாங்கள். மழை வலுத்தால் மலைத்தண்ணீர் இறங்கி வந்து கரையில் முட்டி, போக வழியில்லாமல் எங்கள் தெருவில் நிற்கும். தையல் மெஷினைத் தூக்கி மேசைமேல் வைப்போம். வடியும்வரை அப்பாவுக்குக் கைத்தையல்தான்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியெல்லாம் இங்க தண்ணி நின்னதே இல்லை" என்பாள் அம்மா. அம்மா காலத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்பதால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் தண்ணீர் மேசையையும் தொட்டுவிட்டது. அதோடு நகரசபைக்குப் பொறுமை போய்விட்டது. கரையடித் தெருவையே காலி செய்து, எல்லாருக்கும் மலைக்குப் பின்னால் மனை தரலாம் என்று பேச்சு வந்தது.

"மலைக்குப் பின்னாடி யாரு வந்து சட்டை தைக்கச் சொல்லப் போறாங்க? ஆடா?" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க ஒரே சட்டைக் கையை இரண்டு முறை பிரித்துத் தைத்தார்.

முடிவெடுக்கும் கூட்டம் நூலகத்தில் நடக்க இருந்தது. ஊரில் பெரிய அறை அதுதான். என் மேசையும் அங்கேதான் இருந்தது. நான் ஒரு திட்டம் போட்டேன். கூட்டத்தின் முன்னால், செடிக்கு ஊற்றும் பூவாளியால் மாதிரியின்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் இறங்கி எங்கள் தெருவில் தேங்கும். பிறகு கரையின் வளைவில் கத்தியால் ஒரு வழி வெட்ட வேண்டும். தண்ணீர் ஆற்றுக்கு ஓடிவிடும். தெருவைத் தூக்க வேண்டாம், கரையில் ஒரு வழி விட்டால் போதும். நான் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். அதையும் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடிக்கே கேட்டிருக்காது.

மலையை அட்டை அட்டையாக வெட்டி அடுக்கினேன். வீடுகளுக்குத் தீப்பெட்டி. கரைக்கு எதைப் பயன்படுத்துவது என்று யோசித்தபோது, அப்பா கடை மூலையில் துணி சுற்றிவரும் அட்டைக் குழாய்கள் நின்றன. நீளம், உருண்டை, கனம் எல்லாம் கரைக்கு வாகாக இருந்தன. கரை ஓரிடத்தில் வளைவதால் இரண்டு குழாய்களை வளைவில் ஒட்ட வைத்து, இடைவெளியைக் கூழால் பூசினேன். மேலே வார்னிஷ் அடித்துக்கொண்டே வந்தேன். வளைவுக்கு வரும்போது டப்பா காலி. அப்புறம் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்படியே மறந்தும் போனேன்.

கூட்டத்தன்று சாயங்காலம் அறை நிறைந்துவிட்டது. நகரசபைத் தலைவி, ஊருக்கெல்லாம் தலைவர் அம்மா, மேசையின் ஆற்றுப் பக்கம் உட்கார்ந்தார். பக்கத்தில் நகரசபை இன்ஜினியர். எதிரே மேட்டுத் தெருவின் முடிதிருத்துபவர். கூட்டம் என்றால் அவருக்கு முதல் வரிசைதான் வேண்டும். ஆளாளுக்குத் தீப்பெட்டிகளில் தங்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"என் கடைய இவ்வளவு சின்னதா செஞ்சிருக்கியே, இதுல நாற்காலி போட முடியுமா?" என்றார் அவர்.

"உங்களுக்கு வர்ற கூட்டத்துக்கு இது போதும்" என்றாள் பெரியம்மா.

இன்ஜினியர் எழுந்தார். "கரைய வெட்டி வழி விடலாமேன்னு சிலர் கேட்டாங்க. மேல நெடுஞ்சாலை போகுது. புதுசா ஒரு துளை போடவும் விடமாட்டாங்க. பழைய வழி ஏதாவது இருந்தா அது வேற. தூர்வாரிக்கலாம். என்கிட்ட இருக்கிற வரைபடத்துல அப்படி எதுவும் இல்லை. நானும் தேடிப் பார்த்துட்டேன்."

என் இரண்டு வாக்கியங்களும் செத்துப்போயின. கத்தி பையிலேயே கிடந்தது. ஆனால் பெரியம்மா அதற்குள் கையைத் தட்டி, "எங்க பொண்ணு ஒண்ணு காட்டப் போறா" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் திரும்பினார்கள். இல்லை, வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். ஊற்றுவதற்குத் திறக்க வேண்டாம். பூவாளியைத் தூக்கி மலைமேல் சாய்த்தேன்.

தண்ணீர் பொடிப்பொடியாக விழுந்தது. மலையிலிருந்து இரண்டு கோடுகளாக இறங்கி, மேட்டுத் தெருவைச் சுற்றி ஒன்றாகச் சேர்ந்து, எங்கள் தெருவுக்குள் புகுந்தது. கரையில் முட்டியது. இனி தேங்க வேண்டும்.

தேங்கவில்லை. நான் இன்னும் ஊற்றினேன். தெருவில் ஈரம்தான் இருந்தது, வெள்ளம் இல்லை.

"அட, இதைக் காட்டவா கூப்பிட்டே?" முடிதிருத்துபவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "உங்க தெருவுல வெள்ளமே வர்றதில்லைங்கறியா? அப்போ போன வருஷம் உங்கப்பா தண்ணியில நின்னது சும்மா குளிக்கவா?"

அறையே சிரித்தது. என் காது சுட்டது. அப்பா என்னைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யம்மா!" என்று தலைவர் அம்மா துள்ளி எழுந்தார். அவர் மடியெல்லாம் ஈரம். கரையின் ஆற்றுப் பக்கம், வளைவில், வார்னிஷ் அடிக்காத இடத்தில் கூழ் கரைந்து, தண்ணீர் மேசை விளிம்பு வழியாகச் சரசரவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்குங்க, அது நான் சரியா ஒட்டலை" என்றேன். அன்று நான் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

அம்மா பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். ஈரமான ஓட்டையைக் குனிந்து பார்த்தாள். பிறகு பெரியம்மாவைப் பார்த்தாள்.

"ஏன்க்கா, இது அந்த எடம்தானே?"

"எந்த எடம்?"

"நாம நுழைஞ்சு போவோமே. உன் செருப்பு போச்சே."

"உன் செருப்பு."

"உன்னுது. பச்சை வார் வச்சது."

"பச்சை வார் வச்சது உன்னுது. வீட்டுக்கு வந்து அடி வாங்கினது மட்டும்தான் நான்."

தலைவர் அம்மா மடியைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "எங்க நுழைஞ்சீங்க?"

அம்மாவின் முகம் சிவந்தது. "கரைக்குள்ள. செங்கல் வளைவு ஒண்ணு இருந்துச்சு. குனிஞ்சு போனா ஆத்துப் பக்கம் வந்துடலாம். பள்ளிக்கூட நேரத்துல."

"நீ பள்ளிக்கூடம் கட் அடிச்சியா?" என்றேன் நான். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூடப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்.

"அதைப் பத்தி வீட்ல பேசலாம்."

"ஆடு மாடு போறதுக்கு விட்ட வழின்னுல்ல நெனச்சோம்" என்றாள் பெரியம்மா. "காய்ஞ்சுதான் கிடக்கும். மழை நாள்ல நாங்க அந்தப் பக்கமே போனதில்லை."

இன்ஜினியர் ஏற்கெனவே குடையைக் கையில் எடுத்திருந்தார்.

கூட்டம் அப்படியே எழுந்து சரிவில் இறங்கியது. வெளிச்சம் இன்னும் இருந்தது. அம்மா முன்னால் போனாள், குடையால் புதரை விலக்கிக்கொண்டு. எங்கள் தெருப் பக்கம் குப்பையும் மண்ணும் மூடிக் கிடந்தது. கிளறியபோது செங்கல் வளைவின் உச்சி ஒரு கை அகலத்துக்குத் தெரிந்தது. இன்ஜினியர் மண்டியிட்டு அதைத் தொட்டுப் பார்த்தார். "இருக்குதுங்க" என்றார், ஏதோ குழந்தை பிறந்த செய்தி சொல்வதுபோல.

ஆற்றுப் பக்கம் அதே இடத்தில் நின்றது மாட்டுத்தீவனக் குடோன். அதன் சொந்தக்காரரை ஊரே மூட்டை என்றுதான் கூப்பிடும். குடோன் நான் பிறந்த வருஷம் கட்டியது. வளைவின் வாயை அதன் பின்சுவர் அடைத்துக்கொண்டிருந்தது.

"எனக்கென்னங்க தெரியும்? கட்டும்போது அங்க புதர்தான் இருந்துச்சு" என்றார் மூட்டை.

"புதருக்குள்ள கைய விட்டுப் பாத்திருக்கலாம்ல?" என்றார் முடிதிருத்துபவர்.

"பாம்பு இருந்தா? நீ விடுவியா?" என்றவர் சட்டென்று நின்றார். "இருங்க. அதான் பின்பக்க மூட்டையெல்லாம் ஈரமாவே இருக்கா? போன மழையில எனக்குக் குடோனுக்குள்ளயே தீவனம் முளைச்சு நின்னுச்சுங்க! நான் கூரை ஒழுகுதுன்னுல்ல மூணு தடவை ஓடு மாத்தினேன்!"

பின்சுவரை இடித்து, வழிவிட்டு உள்ளே தள்ளிக் கட்ட அவரே ஆள் கூட்டி வந்தார். தூர்வாரும் வேலையில் இரண்டு தெருவும் இறங்கியது. உள்ளேயிருந்து மண், சைக்கிள் சக்கரம், உடைந்த ஸ்லேட்டு, இரண்டு பூட்டுகள் வந்தன. செருப்பு வரவில்லை. அதனால் அது யாருடையது என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. காலிசெய்யும் பேச்சை, ஒரு மழை பார்த்துவிட்டு முடிவு செய்வதாக நகரசபை தள்ளி வைத்தது.

மழை வந்தது. காலையிலிருந்து விடாமல் அடித்தது. அப்பா வழக்கம்போல மெஷினை மேசைமேல் ஏற்றச் சொன்னார். "நம்பிக்கை வேற, மெஷின் வேற."

நான் குடையோடு வளைவுக்குப் போனேன். பாதி ஊர் அங்கே நின்றது. மலையிலிருந்து செந்நிறமாகத் தண்ணீர் இறங்கி, தெருவுக்குள் வந்து, கணுக்காலைத் தொட்டது. தண்ணீர் கரையை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றியது, வழி கேட்பதுபோல. பிறகு வளைவுக்குள் தலையை விட்டது. குபுகுபுவென்று ஒரு சத்தம். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து மூட்டையின் குரல்: "வருது! வருது! இங்க வந்துடுச்சு!"

"கூடவே ஒரு நீல வாளியும் வந்திருக்கு!"

"அது என்னுது!" என்று முடிதிருத்துபவர் கரைமேல் ஏறி ஓடினார்.

"போய் ஆத்துல தேடுங்க" என்று பெரியம்மா கத்தினாள். தலைவர் அம்மா குடைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என்னைப் பார்த்து, "இன்னிக்கும் என் மடி நனைஞ்சாச்சு" என்றார்.

"அதுக்கு நான் பொறுப்பில்லை" என்றேன். சொல்லிவிட்ட பிறகுதான், ஒத்திகை பார்க்காமல் பேசியது தெரிந்தது.

வீட்டில் தரை உலர்ந்திருந்தது. அப்பா வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்படியின் பழைய ரயில் கட்டைமேல் சாரல்தான் விழுந்தது. அம்மாவும் நானும் உள்ளே நுழைந்ததும் திரும்பினார்.

"என்ன பாக்கறீங்க? ஆளுக்கொரு பக்கம் பிடிங்க. மெதுவா."

மெஷினை இறக்கினோம். பழைய இடத்தில், ஜன்னலோரம். அப்பா உட்கார்ந்து, எப்போதோ பாதியில் நின்ற ஒரு காலரை எடுத்து ஊசிக்கடியில் வைத்தார். மிதித்தார்.

வெளியே மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. பெய்யட்டும்.