வலி நின்ற நாள்

பேருந்து நிலையத்தில் என் கணவருக்கு அறிவிப்பாளர் வேலை. மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து மைக்கில் பேசுவார். அதற்கு நேர் கீழே, பயணிகள் மூட்டை முடிச்சுகளை விட்டுவிட்டுப் போகும் லக்கேஜ் அறையில் எனக்கு வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதைவிட, வண்டி ஏற வந்தவர்களிடம் பேசியதுதான் அதிகம். வீட்டில் எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’ என்பதோடு சரி. கதவிடுக்கில் விரல் நசுங்கி நகம் கறுத்துப்போனபோதும் அதே பதில்தான்.

அப்படிப்பட்ட மனிதர் சில நாட்களாகக் கன்னத்தில் கை வைத்தபடியே நடமாடினார். கீழ்வரிசையில் கடைசிக் கடைவாய்ப்பல். அதில் ஓட்டை விழுந்து வெகுகாலம் ஆயிற்று. சூடாக ஒரு வாய் குடித்தால் முகம் கோணும். படுத்தால் விண்விண் என்று தெறிக்கும். ஈறில் பருப் போல ஒன்று புடைத்திருந்தது. பல் டாக்டரிடம் போகச் சொல்லித் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கிராம்பைக் கடித்துப் பார்த்தார், மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினார். அந்த நாற்காலியில் போய்ச் சாய மட்டும் மாட்டேன் என்று பிடிவாதம். நாள் முழுக்க டிரைவர்களை அதட்டுகிற ஆளுக்கு ஓர் ஊசியைக் கண்டு பயம்.

ஒருநாள் காலையில் முகம் கழுவிவிட்டு வந்தவர் சிரித்தார்.

“நின்னுடுச்சு.”

“என்னது?”

“வலிதான். சுத்தமா இல்ல. நீதான் டாக்டர் டாக்டர்னு என் உயிர எடுத்த.”

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போனதால்தான் வலி அடங்கியது, வேருக்கடியில் சீழ் அடங்கவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. வலி போனால் நோயும் போயிற்று என்று நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் தாடைக்கு அடியில் வீங்கியிருந்தது. “உன் சமையல்ல சதை போட்டுட்டேன்” என்று கேலி பேசினார். தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுட்டது. மதியச் சாப்பாட்டுக்கு மாடிக்குப் போனபோது ஒரு வாய்கூட விழுங்காமல் டப்பாவை மூடி வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“சாயங்காலம் டூட்டி முடிஞ்சதும் நேரா டாக்டர். தரதரன்னு இழுத்துட்டுப் போவேன், பாத்துக்குங்க.”

“சரி” என்றார். அவர் இவ்வளவு லேசில் ஒத்துக்கொண்டது எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் கீழே பயணிகள் காத்திருந்தார்கள், இறங்கிப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. குரல் அவருடையதுதான், சொற்கள் அவருடையவை அல்ல. நாக்கு மேலே எழும்பாமல், வாய்க்குள் சூடான எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி எல்லாம் குழறின. பை வாங்க நின்ற பையன்களில் ஒருவன் சொன்னான்: “அண்ணன் மத்தியானமே ஏத்திட்டாரு போல.” கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த அறிவிப்பு பாதியில் நின்றது. மைக்கை அணைக்கவில்லை. இழுத்து இழுத்து விடும் மூச்சு மட்டும் நிலையம் முழுக்கக் கேட்டது.

கையில் இருந்த பையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

எனக்கு முன்பே நிலைய மேனேஜர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“குடிச்சிட்டு மைக் முன்னாடி உக்காருவியா?”

என் கணவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி, மோவாயை முன்னால் நீட்டியிருந்தார். விழுங்க முடியாத எச்சில் மடியில் வழிந்துகொண்டிருந்தது. வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. மோவாய்க்கு அடியில் தொட்டேன், கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது.

“குடி இல்ல சார். பல்லு. சீழ் வச்சு வீங்கிடுச்சு. அவரால மூச்சு விட முடியல.”

மேனேஜர் குனிந்து பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. படுக்க வைக்கலாம் என்று தோளைப் பிடித்துச் சாய்த்தார். சாய்த்ததுதான் தாமதம், இவர் மூச்சு அடைத்து, அந்தக் கையை உதறிக்கொண்டு எழுந்தார். பிறகு உட்கார்ந்த நிலையிலேயே நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினோம். மேனேஜர் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பரிசோதித்த டாக்டரம்மா முதலில் கேட்டது, வலி எப்போது நின்றது என்றுதான். சொன்னேன்.

“நின்னதும் சரியாயிடுச்சுன்னு விட்டுட்டீங்க. நிறைய பேர் அப்படித்தான் விடுறாங்க. ஈறு புடைச்சப்பவே வந்திருந்தா பல்லோட போயிருக்கும். இப்ப சீழ் கழுத்துக்குள்ள இறங்கிடுச்சு. மூச்சுக்குழாய்ல ஓட்டை போட்டுக் குழாய் வைக்கணும். இல்லன்னா மூச்சு அடைச்சிடும்.”

“அப்புறம் பேசுவாரா?”

“முதல்ல உயிரோட இருக்கட்டும்மா.”

பல்லைப் பிடுங்கி, மோவாய்க்கு அடியில் கீறிச் சீழை வடித்தார்கள். அதன் பிறகும் காய்ச்சல் சட்டென்று இறங்கவில்லை. கழுத்துக் குழாய் வழியாக மூச்சு போய் வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுத்த மூச்சு வராமல் போய்விடுமோ என்று ஒவ்வொரு தடவையும் பயந்தேன். நடுநடுவே, கண் திறக்காத மனிதரிடம் மனசுக்குள் சண்டையும் போட்டேன். போய்விட்டால் யாரிடம் சண்டை போடுவேன் என்று அழுதேன்.

காய்ச்சல் விட்டு, வீக்கம் வடிந்த பிறகு ஒரு காலையில் டாக்டரம்மா வந்தார். குழாயில் எதையோ தளர்த்தி, அதன் வாயைத் தன் விரலால் மூடினார்.

“ஏதாவது பேசுங்க, பாக்கலாம்.”

அவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். தகரத்தைத் தேய்த்த மாதிரி ஒரு குரல் வந்தது.

“வலிக்குது.”

நான் கட்டில் விளிம்பில் முகத்தைக் கவிழ்த்து அழுதேன். “பயப்படாதீங்கம்மா, புண் ஆறும்போது வலிக்கத்தான் செய்யும்” என்றார் டாக்டரம்மா. நான் பயப்படவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

“எங்க வலிக்குது? சொல்லுங்க.”

என் கையைப் பிடித்து, ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டிச் சொன்னார்.