பதினேழாம் எண் வீடு பள்ளிக்கூடம் போன கதை

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு சில்வான் மலைச்சரிவில் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. புல்டோசர் வந்துவிட்டது என்று நினைத்து ஆளாளுக்கு வாசலுக்கு ஓடிவந்தார்கள். புல்டோசர் இல்லை. பதினேழாம் எண் வீடு அஸ்திவாரத்தை விட்டு எழுந்துகொண்ட சத்தம் அது. இரண்டு அறை, ஒரு சமையலறை, கூரைமேல் இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றோடும் வீடு ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டது. பிறகு இருநூற்றுப் பதினான்கு படிகளையும் பக்கவாட்டில் இறங்கி, ஏழரை மணி அடிப்பதற்குள் ஆண்கள் பள்ளிக்கூடத்தின் சுவரோரம் போய் நின்றது. வழியில் சேதம் அதிகமில்லை. ஒரு குழாய் உடைந்தது. காய்கறிக்காரர் அபூ ஸுஹைலின் கடைப் பந்தல் கிழிந்து, மூன்று பெட்டித் தக்காளி நசுங்கியது. வீட்டுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள்: பதினான்கு வயது உபைதா, அவனுடைய அம்மா இன்ஸாஃப். இருவருக்கும் காயமில்லை.

உபைதாவை நவம்பர் மாதம் ஒரு விடியற்காலையில் போலீஸ்காரர்கள் படுக்கையிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனார்கள். ஜீப்மேல் கல் எறிந்தான் என்பது குற்றச்சாட்டு. செருப்புப் போட்டுக்கொள்ள விடவில்லை. கையைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டினார்கள். பெரியவர்களுக்கான பட்டை என்பதால் அவன் மணிக்கட்டுக்கு இன்னும் நான்கு பல் கூடுதலாக இறுக்க வேண்டியிருந்தது. விசாரணை அறையில் அவனோடு அப்பா இல்லை, அம்மா இல்லை, வக்கீல் இல்லை. நன்றாக அரபு பேசும் ஒருவன் இருந்தான். தன் பெயர் கேப்டன் ரம்ஸி என்றான். அந்த அறைகளில் விசாரிக்க உட்காருகிறவர்கள் எல்லோருமே ஓர் அரபுப் பெயர் வைத்துக்கொள்வார்கள். கேப்டன் ரம்ஸி கத்தவில்லை. மூன்று நாள் தூங்கவிடாமல் கேள்வி கேட்டுவிட்டு, ஒரு காகிதத்தை எடுத்து வைத்து, "உங்கம்மாவே கையெழுத்துப் போட்டுட்டா. நீதான் எறிஞ்சேன்னு அவளே சொல்லிட்டா. இனி நீ எதுக்குடா தம் கட்டிட்டு உட்கார்ந்திருக்க?" என்றான். காகிதம் ஹீப்ரூவில் இருந்தது. உபைதாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவனும் கீழே கையெழுத்துப் போட்டான்.

இருபத்து மூன்றாம் நாள் காலில் சங்கிலியோடு கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வக்கீல் மைஸூன் இரண்டு மணி நேரம் பேசி வீட்டுக் காவல் வாங்கிக்கொடுத்தாள். வழக்கு முடியும்வரை பையன் பதினேழாம் எண் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. ஜாமீன்தாரர் ஒருவர் இருபத்து நான்கு மணி நேரமும் அவனோடு உள்ளே இருக்கவேண்டும். அவன் வாசலைத் தாண்டினால் ஜாமீன்தாரரே போலீசுக்குச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சிறை. அப்பா ஜவ்தத்துக்கு ஓட்டல் சமையலறையில் வேலை. ஆகவே இன்ஸாஃப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். உபைதா அதைக் கூண்டிலிருந்து பார்த்தான். கேப்டன் ரம்ஸி சொன்னதைப் பாதிதான் நம்பியிருந்தான். அம்மாவின் கையில் பேனாவைப் பார்த்ததும் மீதியையும் நம்பிவிட்டான். அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை.

வீட்டுக்குள் இரண்டு பேர் பேசாமல் இருப்பது சிரமமான வேலை. இன்ஸாஃப் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவன் ஜன்னலில் எட்டிப்பார்த்தால் வந்து நின்றாள். குளியலறையில் அதிக நேரம் இருந்தால் கதவைத் தட்டினாள். இரவு சாப்பாட்டில் அவன், "வாப்பா, ஜெயிலரம்மாகிட்ட அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க," என்பான். உப்பு வரும். இதற்கிடையில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது: அறுபது நாள் வராத மாணவனுக்கு ஒன்பதாம் வகுப்பு கிடையாது, மறுபடி படிக்க வேண்டும். சீட்டைப் படித்துவிட்டு இன்ஸாஃப் சமையலறைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அது ஐம்பத்தொன்பதாம் நாள். மறுநாள்தான் செவ்வாய்க்கிழமை.

தினமும் ஒன்பது மணிக்குச் சோதனைக்கு வரும் போலீஸ்காரரைத் தெருவில் அளவுக்காரர் என்பார்கள். எதையும் நாடாவால் அளந்து எழுதிக்கொள்வது அவர் வழக்கம். அன்று வந்து பார்த்தபோது, வீடு இருந்த இடத்தில் சதுரமாக ஈர மண்ணும், மூன்று கோலிக்குண்டும், ஒரு கரண்டியும், குழம்பிப்போன ஒரு பூனையும்தான் இருந்தன. அவர் இன்ஸாஃபுக்குப் போன் போட்டார்.

"பையன் எங்க?"

"வீட்டுலதான் இருக்கான்."

"வீடு எங்கம்மா?"

"பள்ளிக்கூடத்துல இருக்கு."

அளவுக்காரர் படியிறங்கிப் போனார். உபைதாவின் அறை ஜன்னலுக்கு நேரே ஒன்பதாம் வகுப்பு ஜன்னல். நடுவில் ஒரு முழம் இடைவெளி. கணக்கு வாத்தியார் கரும்பலகையைத் திருப்பி வைத்திருந்தார். பையன் ஜன்னல் கட்டையில் நோட்டை வைத்துப் பின்னம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் உடம்பில் எந்தப் பாகமும் சட்டத்தைத் தாண்டவில்லை என்று அளவுக்காரர் எழுதிக்கொண்டார். பென்சிலையும் ரப்பரையும் பையன்கள் இந்தப் பக்கம் எறிந்தார்கள். எறிவதைப் பற்றி ஏதாவது எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுதவில்லை. கதவில் பதினேழு என்ற தகடு பழையபடி இருந்தது, முகவரியும் மாறவில்லை. ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் வீடு தொட்டித் தண்ணீர் தளும்பத் தளும்பப் படியேறித் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஆராய ஆட்கள் வந்தார்கள். மலைக்கு அடியில் சுரங்கம் தோண்டுவதால் மண் சரிகிறது என்றார் ஒரு பொறியாளர். சரிகிற வீடு கீழேதான் போகும், மதியம் எப்படி மேலே ஏறும் என்று கேட்டபோது அவர் பையை மூடிக்கொண்டு கிளம்பினார். அபூ ஸுஹைல் வேறு காரணம் வைத்திருந்தார்: "பெர்மிட் இல்லாம ரெண்டே ராத்திரில கட்டின வீடுப்பா. எப்ப இடிக்க வருவான்னு பொறந்த நாளிலிருந்தே ஒரு காலைத் தூக்கிட்டு நிக்குது. இப்ப நடக்குது. இதுல என்ன அதிசயம்?" ஒரு வாரத்தில் தெரு பழகிக்கொண்டது. ஏழு மணிக்குப் படியிலிருந்து பூந்தொட்டிகளை எடுத்துவிடுவார்கள். எள்ளு ரொட்டி விற்பவர் வண்டியை ஓரம் கட்டுவார். சிரமப்பட்டது ஜவ்தத் மட்டும்தான். காலை ஷிப்ட் முடிந்து வந்தால் வீடு எங்கே என்று விசாரிக்க வேண்டியிருந்தது.

"அபூ ஸுஹைல், என் வீட்டைப் பார்த்தீங்களா?"

"இப்பதான் மேல போச்சு. கால்ல செருப்பு இருக்குல்ல, ஓடுங்க, பிடிச்சிடலாம்."

பிப்ரவரியில் வாய்தா வந்தது. பையன் கோர்ட்டுக்கு வரவேண்டும் என்றது சம்மன். வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்றது உத்தரவு. வீடு இரண்டுக்கும் கட்டுப்பட்டு, காலை எட்டரைக்குக் கோர்ட்டின் கார் நிறுத்துமிடத்தில் போய் நான்கு காருக்கான இடத்தில் நின்றது. அரசு வக்கீல் வீட்டின்மேல் வழக்குப் போடவேண்டும் என்றார். "நாலு சுவருக்குள்ள இருன்னு சொன்னீங்க, இருக்கான். சுவர் எங்க நிக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே," என்றாள் மைஸூன். நீதிபதி உத்தரவை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் படித்தார். பிறகு ஒரு குமாஸ்தாவை ஜன்னலுக்கு அனுப்பிப் பையனின் பெயரையும் வயதையும் கேட்டுவரச் செய்து, வழக்கை ஒத்திவைத்தார். அதற்குப் பிறகு எல்லா வாய்தாவும் ஜன்னல் வழியாகத்தான் நடந்தது. பிளாஸ்டிக் பட்டையின் தழும்பு உபைதாவின் மணிக்கட்டில் வளையல்போலத் தங்கிவிட்டிருந்தது. அதைக் குமாஸ்தா மட்டும் பார்த்தார். அவரிடம் அதைக் குறிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி விடுமுறை, வீடு எழ ஒரு காரணமும் இல்லை. அபூ தீஸில் இருந்த இன்ஸாஃபின் தகப்பனார் முந்தின நாள் மாலை இறந்துபோயிருந்தார். அபூ தீஸ் பக்கத்து மலைதான். நடுவில் கான்கிரீட் மதில். மதிலைச் சுற்றிப்போய்த் திரும்பினால் அரை நாள் ஆகும், ஜாமீன்தாரர் அரை நிமிடம்கூட நகரக்கூடாது. இன்ஸாஃப் அழவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவும் இல்லை. சமையலறைச் சுவரில் கையை ஊன்றி நின்றாள். பத்து மணிக்கு வீடு எழுந்தது. இந்த முறை பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பள்ளத்தாக்கைத் தாண்டி, கிழக்கே ஏறி, மதிலில் சமையலறை ஜன்னல் ஒட்டும்படி போய் நின்றது. அதற்குமேல் அதாலும் முடியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் தகப்பனாரின் ஜனாஸா புறப்படும் சத்தம் கேட்டது. இன்ஸாஃப் ஜன்னலில் கையை நீட்டிக் கான்கிரீட்டைத் தொட்டுக்கொண்டு நின்றாள். அளவுக்காரரின் நாடா பையனுக்கு மட்டும்தான். ஆனாலும் அவள் முழங்கைக்குமேல் நீட்டவில்லை.

"இன்ஸாஃப்! நீயா அங்க?" என்று அவள் தம்பியின் குரல் வந்தது.

"நான்தான்டா."

"எப்படிக்கா வந்த?"

"வீட்டோட வந்தேன்."

 பிறகு துக்க வீட்டுப் பேரீச்சம்பழம் ஒரு பையில் பறந்து வந்து கூரைமேல் விழுந்தது. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் கசப்புக் காப்பியை அப்படி எறிய முடியாது. உபைதா அறையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து மாதமாக இந்த வீட்டில் அடைபட்டிருப்பது தான் ஒருவன்தான் என்று அவன் எண்ணியிருந்தான். எழுந்துபோய்ச் சர்க்கரை போடாமல் காப்பி வைத்தான். ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டான். அவள் உட்கார்ந்ததும் கேட்டான்.

"கோர்ட்டுல எதுல கையெழுத்துப் போட்ட?"

"உன்னை வீட்டுக்குக் கொண்டுவர."

"அதுக்கு முன்னாடி? கேப்டன் ரம்ஸிகிட்ட?"

இன்ஸாஃப் திரும்பிப் பார்த்தாள். "அது யாருடா கேப்டன் ரம்ஸி?"

உபைதா கூரையேறிப் பேரீச்சம்பழப் பையை எடுத்துவந்து பிரித்து அவள் மடியில் வைத்தான். மாலை தொழுகைக்குப் பிறகு வீடு திரும்பியது. இரவு சாப்பாட்டில் உப்பை அவன் தானே எட்டி எடுத்துக்கொண்டான். ஜெயிலரம்மா என்ற பேச்சு அதன்பிறகு எழவில்லை. ஆனால் வேறு பேச்சும் அதிகமில்லை. ஐந்து மாதப் பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஜூனில் உபைதா ஜன்னல் வழியாகவே பரீட்சை எழுதினான். கணக்கில் எழுபத்தொன்று வாங்கி ஒன்பதாம் வகுப்புத் தேறினான். அன்று மதியம் வீடு படியேறி உட்கார்ந்தபோது வாசல் பள்ளத்தாக்கைப் பார்க்கத் திரும்பியிருந்தது. அதன்பிறகு அது எழவில்லை, வாசல் ஏன் திரும்பியது என்று யாரும் கேட்கவும் இல்லை. மாத முடிவில் வழக்கும் முடிந்தது. உள்ளே இருந்த காலமே தண்டனையாகக் கழிந்தது என்றார்கள். அளவுக்காரர் விடுதலைக் காகிதத்தைக் கொடுத்து, பழக்க தோஷத்தில் வாசலை ஒருமுறை அளந்துவிட்டுப் போனார்.

படியில் பையன்கள் பந்தோடு நின்றார்கள். "வாடா வெளிய! என்ன, மாப்பிள்ளை ஊர்வலம் வந்து அழைக்கணுமா?" என்று கத்தினார்கள். உபைதா வாசல்வரை வந்தான். கால் கட்டைவிரல் வாசற்படியின் விளிம்பைத் தொட்டது. அங்கேயே நின்றது. பையன்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள். வீடு மெதுவாக, ஒரு விரற்கடை அளவு, முன்பக்கம் சாய்ந்து கொடுத்தது. அப்போதும் கால் வரவில்லை. அவன் திரும்பி உள்ளே போனான். இன்ஸாஃப் சமையலறையில் கை நிறைய மாவோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கறுப்புச் செருப்பு கட்டிலுக்கு அடியில், போட்ட இடத்திலேயே ஏழு மாதமாகச் சுருண்டு கிடந்தது. உபைதா அதை எடுத்துத் தூசி தட்டினான். வாசலில் குனிந்து, கையை வெளியே நீட்டி, முதல் படியில் ஜோடியாக வைத்தான். கை வெளியே போனதை அவனே கவனிக்கவில்லை.

"நீ மொதல்ல இறங்கு, உம்மா. பயப்படாத, உனக்கு நான் ஜாமீன்."