விசில் வைத்த கைத்தடி

என் மாப்பிள்ளை மார்க் போடுவதில் மகா கஞ்சன். தன் கல்யாணத்துக்கே நூற்றுக்கு அறுபதுதான் போட்டார். மீதி எங்கே போனது என்று என் மகள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்கு சந்தைப்படுத்தல் மேலாண்மை நடத்துகிறார். போன வருடம் அவரிடம் எண்பது வாங்கிய ஒருவனைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள். நான் போகவில்லை. கூட்டத்தில் எனக்கு மூச்சு முட்டும்.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதை வாங்கக்கூடிய ஓர் ஆளைச் சந்தித்து, அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று கேட்டு, அதன்படி திட்டம் போட வேண்டும். கடைசி நாளில் அந்த ஆளையே மேடையேற்றி எல்லார் முன்னாலும் விசாரிப்பார். சொன்னது நிற்கவில்லை என்றால் பாதி மார்க் காலி.

ஒரு சாயங்காலம் அவருடைய மாணவி ஒருத்தி சந்தேகம் கேட்க வீட்டுக்கு வந்தாள். பகலில் செருப்புக்கடையில் வேலை, அதன் பிறகு படிப்பு. மாப்பிள்ளை வீட்டில் இல்லை. நான் இருந்தேன்.

"தாத்தா, ஏற்கெனவே ஒரு தடவை இந்தப் பேப்பர்ல கோட்டை விட்டுட்டேன். இதுலயும் போச்சுன்னா பேரையே அடிச்சிருவாங்க."

"என்ன பொருள் எடுத்திருக்கே?"

"கைத்தடி. கடைக்கு வர்ற பெரியவங்க செருப்பைப் போட்டுப் பாக்கறப்ப அலமாரியைப் பிடிச்சுட்டு நிக்கறாங்க. பாத்துப் பாத்து தோணுச்சு. உங்களுக்குக் கைத்தடியில என்னென்ன வேணும், சொல்லுங்களேன்."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். என் கைத்தடி பீரோவுக்குப் பின்னால் சிலந்திக்கு வீடாக இருக்கிறது. டாக்டர் கட்டாயம் பிடிக்கச் சொன்னது. நான் பிடிப்பது சுவரை. படுக்கையறையிலிருந்து குளியலறை வரை, உள்ளங்கை உயரத்தில், சுவரில் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. மகள் அதற்காகப் பேத்தியைத் திட்டுவாள். நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன்.

"எனக்கெதுக்கும்மா தடி? நாய் விரட்டத்தான்," என்றேன். வாய் சூடு பிடித்துவிட்டது. விடியற்காலையில் மலையடிவாரம் வரை போய் வருகிறேன் என்றேன். தடியில் ஒரு விசில் கட்டி வைத்திருந்தேன், ஊதினால் தெருநாய்கள் உயரவாரியாக வரிசையில் நிற்கும், ஓடுகிற காரும் நிற்கும் என்றேன். தடி தொலைந்துபோன பிறகு நாய்களுக்குத்தான் கஷ்டம், வரிசை குலைந்துவிட்டது என்றேன். அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள். நல்ல பெண். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசி நாளன்று என்னை அழைத்துப்போனாள். வாசலிலிருந்து மேடை வரை பெஞ்சு பெஞ்சாகத் தொட்டுக்கொண்டே போனேன், மாணவர்களை ஆசீர்வதிக்கிற மாதிரி. திரையில் என் படம், ஆள் உயரத்துக்கு. பக்கத்தில் மாதிரிக் கைத்தடி, பிடியில் ரப்பர் பந்து வைத்த விசில். அமுக்கினால் ஊதும்.

"மாமா, இதெல்லாம் நீங்க சொன்னதுதானா?"

"நான் சொன்னதுதான்."

கஞ்சன் அதோடு விட்டிருக்கலாம். "தினமும் மலையடிவாரம் வரைக்கும் நடக்கறீங்களா?"

"நடக்கறேனே."

"நம்ம தெருமுனைக் கடைக்கே நான்தானே போய் வர்றேன், மாமா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவள் பக்கம் திரும்பினார். "வாடிக்கையாளர் சொன்னதை நீங்க சரிபார்க்கவே இல்லை. பாதி மார்க் போச்சு."

அவள் திரையில் சிரித்துக்கொண்டிருந்த என் படத்தையே பார்த்தாள். எதிரே நின்ற என்னைப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"மாப்பிள்ளை, தடி இருக்கு," என்றேன். "பீரோவுக்குப் பின்னால. சுவர்ல அந்தக் கோடு இருக்கே, பாப்பா போட்டதில்லை. நான்தான். சுவரைப் பிடிக்காம எனக்கு நடக்க வராது."

 சிரித்தவன் குனிந்து பேனா தேடினான்.

"ஏன் மாமா சொல்லலை?"

"கேவலமா இருந்துச்சு."

மாப்பிள்ளையின் காது சிவந்தது. போன வாரம்தான் பேத்தியை நிற்கவைத்து அந்தச் சுவரைத் துடைக்கச் சொன்னவர் அவர்.

"சார்," என்றாள் செருப்புக்கடைப் பெண். "கடையில நான் பாத்தது சரிதான். கேட்டதுதான் தப்பு. என்ன வேணும்னு கேட்டேன். ஏன் பிடிக்க மாட்டேங்கறீங்கன்னு கேக்கலை. கேட்டிருந்தா விசில் வச்சிருக்க மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "பாத்ததுக்கு மார்க் உண்டு. கேட்டதுக்குக் கிடையாது. பாஸ். அதுக்கு மேல ஒண்ணுகூடப் போட மாட்டேன்." அவர் தரத்துக்கு அது தானதர்மம்.

எல்லாம் முடிந்தது, நான் இறங்க வேண்டும். மேடையில் சுவர் இல்லை. வகுப்பு முழுவதும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மாதிரிக் கைத்தடியை எடுத்து என் கையில் கொடுத்தாள். வாங்கி ஊன்றினேன்.

விசிலடித்தது.

நாய் விரட்டச் செய்த தடியல்லவா. யாராவது அதன்மேல் சாய்வார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? காலெடுத்து வைக்கும்போதெல்லாம் ஊதியது. நடைபாதை நெடுக வகுப்புகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மாப்பிள்ளை என் பின்னாலேயே வந்தார். தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை, பிடிக்க எனக்கும் கை வரவில்லை.

கல்லூரி வாசலில் காவலாளி விசில் சத்தம் கேட்டதும் எழுந்து விறைப்பாக நின்று, வந்துகொண்டிருந்த காரைக் கைகாட்டி நிறுத்தினார். அவளிடம் நான் சொன்னதில் அது ஒன்றாவது உண்மையாயிற்று. தலையைக் குனிந்துகொண்டு, ஊதிக்கொண்டே, சாலையைக் கடந்தேன்.