தண்ணீருக்குள் இரங்கல் கூட்டம்

அத்தைக்கு இரங்கல் கூட்டம் நீச்சல் குளத்துக்குள்தான் என்று குளத்துக்கு வரும் பெண்கள் முடிவு செய்தபோது, கரையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று மருமகள் முந்திக்கொண்டு சொன்னாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற ஜென்மம் அவள். மாமியாரான அத்தையோ அறுபது வயதில் குளத்தில் இறங்கி, எண்பதைத் தொடும்வரை ஒரு வாரம்கூடத் தவறாமல் போய் வந்தவர். "எங்கம்மா நீந்துனா மீனே ஒதுங்கி வழி விடும்" என்று மருமகளின் கணவர் பார்க்கிறவரிடமெல்லாம் அளப்பார். ஒருநாள்கூட அவர் எட்டிப் பார்த்ததில்லை. பெண்கள் நேரத்தில் ஆண்களுக்கு அங்கே என்ன வேலை?

அந்தப் பெண்கள் நேரமே அத்தை வாங்கிக் கொடுத்ததுதான். முட்டிவலிக்குத் தண்ணீரில் இறங்கச் சொன்னார் டாக்டர். குளத்திலோ பெண்களுக்கென்று தனி நேரமே கிடையாது. அத்தை கத்தவில்லை, கெஞ்சவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தினமும் மேனேஜர் அறை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "தண்ணிக்கு" என்றார். தலைவலி விட்டால் போதும் என்று மேனேஜர் காலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக் கொடுத்தார்.

இப்போது இருப்பது புது மேனேஜரம்மா. அத்தை படுக்கையில் விழுந்த பிறகு கூட்டம் குறைந்துவிட்டதைக் கவனித்துவிட்டார். "சனிக்கிழமை நானே வந்து பாப்பேன். தண்ணிக்குள்ள பத்துப் பேராவது இருந்தா இந்த நேரம் இருக்கும். இல்லேன்னா போட்டிக்குப் பழகுறவங்களுக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் அந்தச் சனிக்கிழமையையே இரங்கல் கூட்டத்துக்குப் பிடித்தார்கள்.

மருமகள் தையல்காரி. குளத்துக்கு வருகிறவர்களுக்கு முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை தைத்துக் கொடுப்பது அவள்தான். அத்தை போடாமலே போன புது உடையை யாருக்காவது கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு வரலாம் என்று போனாள்.

தண்ணீருக்குள் ஒன்பது தலைகள். மேனேஜரம்மா கரையில் நின்று விரலை நீட்டி எண்ணினார்.

"ஒரு ஆள் குறையுதே."

"வாத்தியாரம்மாவுக்குக் காய்ச்சல். பத்தாவது ஆள் இதோ இறங்கப்போறாங்க" என்று தண்ணீருக்குள் நின்ற நர்ஸக்கா மருமகளைக் கைகாட்டினார்.

மருமகள் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்கு நீச்சலே தெரியாது. அத்தை மாதிரியெல்லாம் என்னால முடியாது."

தண்ணீருக்குள் நமுட்டுச் சிரிப்பு பரவியது.

"உங்கத்தைக்கு மட்டும் தெரியுமா?" என்றார் நர்ஸக்கா. "ஒருநாள்கூட அவங்க தரையிலிருந்து காலை எடுத்ததில்ல. நெஞ்சளவு தண்ணியில நடப்பாங்க. கை மட்டும் நீந்தும்."

மருமகளுக்குச் சட்டென்று உறைத்தது. அத்தை உடையில் எப்போதும் கால் ஓரம்தான் தேய்ந்து கிழியும். மட்டமான நூல் என்று கடைக்காரரை எத்தனை முறை திட்டியிருக்கிறாள். நீந்துகிறவருக்குக் கால் ஓரம் ஏன் தேய வேண்டும் என்று இந்த மரமண்டைக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"வீட்டுல ஏன் சொல்லல?"

"உன் புருஷன் ஊரெல்லாம் பெருமையடிச்சிட்டு இருந்தாரு. புள்ள சந்தோஷத்தை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டாங்க. முதல் நாள் படியில நின்னு அவங்க நடுங்குனது எங்களுக்குத்தான் தெரியும். இவ்வளவு பாடுபட்டு நேரத்தை வாங்கிட்டு இறங்காமப் போனா மானம் போயிடும்னு சொல்லித்தான் இறங்குனாங்க."

மருமகள் சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. புலி என்று நினைத்து அவள் ஒதுங்கியே இருந்த மாமியார், தன்னைப் போலவே ஒரு பயந்தாங்கொள்ளி. பயந்துகொண்டே இத்தனை வருடம் இறங்கியிருக்கிறார். உயிரோடு இருந்தபோதுகூட அவர்மேல் இவ்வளவு பிரியம் வந்ததில்லை.

எழுந்து போய் உடை மாற்றினாள். அத்தையின் உடை இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. நாடாவை இழுத்து முடிந்துகொண்டாள். முதல் படியில் கால் வைத்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். நெஞ்சுவரை தண்ணீர் ஏறியது. கால் தரையில்தான் இருந்தது.

பத்துப் பேரும் வரிசையாக நடந்தார்கள். நடந்துகொண்டேதான் கூட்டமும் நடந்தது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் நான் வீட்டை விட்டு வெளியவே வரல. எங்க வாசல்லயும் துண்டோட வந்து உக்காந்துட்டாங்க" என்றாள் ஒருத்தி. "எங்க வாசல்லயும்தான்" என்றாள் பின்னால் வந்தவள். விசாரித்தால், குளத்துக்கு வருகிறவர்கள் வீடுகளில் அத்தை போய் உட்காராத வாசலே இல்லை.

மேனேஜரம்மா இடுப்பில் கை வைத்தார். "யாருமே நீந்தலையே?"

"தண்ணிக்குள்ள பத்துப் பேர்னுதான மேடம் சொன்னீங்க" என்றாள் மருமகள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

மேனேஜரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, நடங்க. இந்த நேரம் உங்களுக்குத்தான்."

பெண்கள் கைதட்டியதில் தண்ணீர் தெறித்து எல்லார் முகமும் நனைந்தது. மருமகள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

ஈரத் தலையை விரித்துப் போட்டபடி தெருவில் ராணி மாதிரி நடந்து வீட்டுக்கு வந்தாள். கணவர் வாயைப் பிளந்தார்.

"நீயா தண்ணியில இறங்குன? எப்படி நீந்துன?"

"அச்சு அசல் உங்கம்மா மாதிரியே" என்றாள் மருமகள், ஒரு சொல்கூடப் பொய் இல்லாமல்.