விட்ட இடத்திலிருந்து

இன்வெர்ட்டர் மறுபடியும் கத்தியது. ஷைஜா ஈரக்கையோடு ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினாள். கூடத்தில் ஐஸ்பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. உள்ளே அவள் அப்பா ராஜையன் கிடந்தார்.

குலசேகரம் ரோட்டில் மரம் விழுந்து காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் வண்டி மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. துபாயிலிருந்து வரும் அண்ணன் எபிசன் இன்னும் விமானமே ஏறவில்லை.

"ரெண்டையும் தாங்காது மக்கா," என்றார் ஆன்ட்ரூஸ் சித்தப்பா. "மாடியில ஓடுகத நிறுத்து. எனக்க அண்ணன் நாறுகதுக்கு முன்ன."

மாடியில் ஓடியது அப்பா தன் கையாலேயே உருவாக்கிய கம்ப்யூட்டர். அவர் கடைசியாக வரைந்த சிப் சரிதானா என்று ஈஸ்டரிலிருந்து இரவுபகலாகச் சோதித்துக்கொண்டிருந்தது. பாதியில் அழிந்தால், முதலிலிருந்து ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் ஐஸ்பெட்டிக்குள் இருந்தார்.

கரண்ட் போனாலும் எதையும் மறக்காமல், வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரும் கம்ப்யூட்டரைப் பெங்களூரில் செய்து காட்டியவர் அவர். நடக்காது என்று சிரித்த அதிகாரிகளே பிறகு கேடயம் கொடுத்தார்கள். "எங்க ஊர்ல கரண்ட் அடிக்கடி போவும், அதனால கண்டுபிடிச்சேன்," என்று மட்டும் மேடையில் சொல்லிவிட்டு இறங்கினார். வங்கிகள் வரிசையில் நின்று வாங்கின.

"மாடியில உள்ளதும் அதே வகதானே, கரண்ட நிறுத்திப் பாத்தியளாப்பா?" என்று ஈஸ்டரன்று ஷைஜா கேட்டாள்.

"பெறவு பாக்கலாம்," என்றவர், மறுநாளே இன்னொரு பேட்டரி வாங்கிவந்தார்.

அம்மா சத்தியபாய் பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆவி உள்பக்கம் படிந்திருந்தது. துடைத்துப் பயனில்லை.

"அம்மா, மேல ஓடுகது அப்பாவுக்க கடைசி வேலை."

"எபிசன் வாறது வரைக்கும் கெட்டுப்போவாம கெடக்கணும். அதுதான் அவருக்க கடைசி வேலை."

"பேங்குக்கெல்லாம் தைரியமா வித்தவரு," என்றார் சித்தப்பா, "வீட்டுல உள்ளத மட்டும் நம்பலியாக்கும்?"

ஷைஜா மாடியேறினாள். திரையில் ஏறிக்கொண்டிருந்த சோதனை எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினாள். விசிறிகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. கீழே ஐஸ்பெட்டி உறுமி, நிற்காமல் ஓடியது.

மறுநாள் எபிசன் வந்து, அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது கரண்ட் வந்திருந்தது. ஷைஜா பிளக்கை மாட்டிவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். குளித்த ஈரத்தலையோடு மாடியேறி வந்த அம்மா ஒரு கணம் பார்த்தாள். எட்டிச் சுவிட்சைத் தட்டினாள்.

திரை கறுப்பாகவே கிடந்தது. பிறகு ஒரு பூஜ்யம் வந்தது. பூஜ்யம் அசையவில்லை.

சட்டென்று அது மறைந்தது. நேற்றைய எண் வந்தது. அதற்கடுத்த எண் வந்தது.

அம்மா திரையைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"சூடாவுது," என்றாள். கையை எடுக்கவில்லை.